குரோமாட்டிக் ஸ்கேல் எங்கே இடறுகிறது? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

என்னிடம் கிதார் கற்க வருகிறவர்கள் "சார், ஏதோ சரியா வரலை" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அந்த 'ஏதோ' என்ன என்று கண்டுபிடிக்க நான் வைத்திருக்கும் சோதனை குரோமாட்டிக் ஸ்கேல், அதாவது எந்தச் சுரத்தையும் விடாமல் அரைப்படி அரைப்படியாக வரிசையாக வாசிப்பது. பாட்டு வாசித்தால் தப்பு நழுவிப் போய்விடும். இதிலோ ஒவ்வொரு ஃப்ரெட்டையும் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி, அதற்கு முந்தின கட்டத்துக்கும் அதே பெயர்) வரிசையாகத் தொட்டாக வேண்டும், ஒளிய இடமில்லை. அதே தப்புகளைத் திருத்தித் திருத்தி, எது கையின் குற்றம், எது கிதாரின் குற்றம் என்று ஒரு வரிசை மனதில் பதிந்துவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எந்த அறிகுறியானாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: தப்பு ஒரே இடத்தில் வருகிறதா, இடம் மாறி மாறி வருகிறதா? மூன்று முறை மெதுவாக வாசித்துப் பாருங்கள். மூன்று முறையும் அதே கம்பி, அதே ஃப்ரெட் என்றால் கிதார் மேல் சந்தேகப்படலாம். ஒரு முறை இங்கே, மறுமுறை அங்கே என்றால் கைதான்.

ஒப்பிட்டுப் பார்க்கச் சரியான வரிசை இது. 6-ஆம் கம்பியில், அதாவது தடித்த கம்பியில், முதலில் ஓபன் (எங்கேயும் அழுத்தாமல்), பிறகு 1, 2, 3, 4-ஆம் ஃப்ரெட். 5-ஆம் கம்பியிலும் 4-ஆம் கம்பியிலும் அப்படியே. 3-ஆம் கம்பியில் மட்டும் ஓபன், 1, 2, 3 என்று நிறுத்த வேண்டும். 2, 1 இரண்டிலும் மறுபடி ஓபன் முதல் 4 வரை. 1-ஆம் ஃப்ரெட்டுக்கு ஆள்காட்டி விரல், 2-க்கு நடுவிரல், 3-க்கு மோதிர விரல், 4-க்குச் சுண்டு விரல். மொத்தம் 29 சுரங்கள்.

## கணக்கு உதைக்கிறது: 29 வரவில்லை

வாய்விட்டு எண்ணிக்கொண்டே வாசியுங்கள். என்ன தப்பு என்று எண்ணிக்கையே சொல்லிவிடும்.

30 வந்தால்: 3-ஆம் கம்பியில் 4-ஆம் ஃப்ரெட்டையும் அழுத்தியிருக்கிறீர்கள். அங்கே வருவது பி என்ற சுரம். அடுத்து 2-ஆம் கம்பியை ஓபனாகத் தட்டினால் அதுவும் பி. ஒரே சுரம் இரண்டு தடவை வந்துவிட்டது. மற்ற அடுத்தடுத்த கம்பிகளுக்கு நடுவே ஐந்து ஃப்ரெட் தூரம் உண்டு. இந்த இரண்டுக்கு நடுவே மட்டும் நான்கு. கிதார் பிடித்த எல்லோரும் ஒரு தடவையாவது விழுந்த குழி இது. 3-ஆம் கம்பிக்கு வந்ததும் "சுண்டு விரலுக்கு லீவு" என்று மனதுக்குள் சொல்லிக்கொள்ளச் சொல்வேன். ஒரு வாரத்தில் பழகிவிடும்.

24 வந்தால்: எங்கே தொடங்கினீர்கள் என்று பாருங்கள். எல்லாக் கம்பியிலும் 1-2-3-4 என்று மட்டும் வாசித்திருந்தால், அது விரலுக்கான சிலந்திப் பயிற்சி. பயிற்சி நல்லதுதான், ஆனால் குரோமாட்டிக் ஸ்கேல் ஆகாது. தொடக்கத்து ஈ கிடையாது. நடுவில் ஏ, டி, ஜி, மேல் ஈ எல்லாம் விட்டுப்போகும். வீடியோக்களில் இதையே குரோமாட்டிக் என்று சொல்லிக்கொடுப்பதால் மாதக்கணக்கில் தப்பாகவே வாசித்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. காதை நம்புங்கள். 6-ஆம் கம்பி 4-ஆம் ஃப்ரெட்டுக்கு அடுத்து 5-ஆம் கம்பி 1-ஆம் ஃப்ரெட்டைத் தட்டினால் ஒரு படி தாண்டிக் குதிப்பது தெளிவாகக் கேட்கும்.

ஓபன் கம்பி இல்லாமல் வாசிக்க வேண்டுமானால் கம்பிக்கு நான்கு சுரம் வைத்து, கம்பி மாறும்போதெல்லாம் கையை ஒரு ஃப்ரெட் பின்னுக்கு இழுக்க வேண்டும். 6-ஆம் கம்பியில் 5 முதல் 8, 5-ஆம் கம்பியில் 4 முதல் 7, 4-இல் 3 முதல் 6, 3-இல் 2 முதல் 5. அடுத்து 2-ஆம் கம்பிக்குப் போகும்போது இழுக்கக் கூடாது. அங்கேயும் 2 முதல் 5. கடைசியில் 1-ஆம் கம்பியில் 1 முதல் 4. ஏ-யில் தொடங்கி ஜி ஷார்ப்பில் முடியும், 24 சுரம். இந்த 24 சரியான 24. சுண்டு விரலை 5-ஆம் ஃப்ரெட்டுக்கு நகர்த்தி ஒன்று சேர்த்தால் ஏ-யில் அழகாக முடித்துக்கொள்ளலாம்.

## விரல் ஓடுகிறது, பெயர் சொல்ல வரவில்லை

ஈ-க்கும் எஃப்-க்கும் நடுவே ஒன்றுமில்லை. பி-க்கும் சி-க்கும் நடுவே ஒன்றுமில்லை. மற்ற எல்லா இடத்திலும் ஒரு ஷார்ப் (அரைப்படி மேலே) உண்டு, அதையே மேல் சுரத்திலிருந்து அரைப்படி கீழே என்று சொன்னால் ஃப்ளாட். குழப்பம் பெரும்பாலும் இந்த இரண்டு இடத்தில்தான். ஏறும்போது ஷார்ப் பெயராலும் இறங்கும்போது ஃப்ளாட் பெயராலும் சொல்லிப் பழகுங்கள்.

"சி ஷார்ப்பும் டி ஃப்ளாட்டும் ஒன்றா, வேறா?" என்று ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்பார்கள். கர்நாடக சங்கீதம் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு விளக்குவது சுலபம். பன்னிரண்டு சுரஸ்தானத்துக்குப் பதினாறு பெயர் இருக்கிறதே, சதுஸ்ருதி ரிஷபமும் சுத்த காந்தாரமும் ஒரே இடம்தானே, அந்தக் கதைதான் இதுவும்.

## கம்பி இரைகிறது

எனக்கு வரும் புகார்களில் பாதி இதுதான். காசு செலவாகாத காரணத்திலிருந்து தொடங்குவோம்.

இரைச்சல் இடம் மாறி மாறி வருகிறது. விரல் இரண்டு ஃப்ரெட் கம்பிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும். அதை முன்னுக்குத் தள்ளி, ஃப்ரெட் கம்பியை ஒட்டி அதன் பின்னால் வையுங்கள். அதன் தலைமேல் ஏறிவிடக் கூடாது. பாதி அழுத்தமே போதும் என்பது அப்போதே தெரிந்துவிடும். இடது கை நகம் வளர்ந்திருந்தாலும் விரல் நுனி நேராக இறங்காது. நகவெட்டி எடுத்து வாருங்கள் என்று நான் திருப்பி அனுப்பியவர்கள் உண்டு.

எங்கே வாசித்தாலும் ஒரே மாதிரி கடகடக்கிறது. ட்யூனிங் முடுக்கியின் நட்டு தளர்ந்திருக்கலாம். தலைப்பகுதியில் வெட்டாமல் விட்ட கம்பி முனை எதிலாவது உரசலாம். சட்டைப் பொத்தான் கிதாரின் முதுகில் இடிக்கலாம். ஒரு முறை அரை மணி நேரம் கிதாரைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்த பிறகு, ஏ சுரத்துக்கு மட்டும் அதிர்ந்தது அலமாரியில் இருந்த எவர்சில்வர் டம்ளர் என்று கண்டுபிடித்தோம்! வேறு அறைக்குப் போய் வாசித்துப் பார்ப்பதற்குக் காசா, பணமா?

ஓபன் கம்பி மட்டும் இரைகிறது, அழுத்தினால் சுத்தமாக இருக்கிறது. 1-ஆம் ஃப்ரெட்டில் கேபோ (எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) மாட்டி அதே கம்பியைத் தட்டுங்கள். இரைச்சல் போய்விட்டால் நட்டில் அந்தக் கம்பிக்கான பள்ளம் ஆழமாகிவிட்டது. (முடுக்கியின் நட்டு வேறு, இது கழுத்தின் முனையில் கம்பிகள் உட்காரும் வெள்ளைத் துண்டு.) பள்ளத்தில் சின்னக் காகிதத் துண்டை மடித்து வைத்து ஒரு வாரம் ஒப்பேற்றலாம். நிரந்தரத் தீர்வுக்கு ரிப்பேர் செய்பவரிடம் போக வேண்டும். நட்டு மாற்றுவது பெரிய வேலை அல்ல.

முதல் ஐந்து ஃப்ரெட்டுக்குள் மட்டும் பல கம்பிகளில் இரைகிறது. கழுத்தின் வளைவைப் பாருங்கள். 1-ஆம் ஃப்ரெட்டில் கேபோ. கழுத்து உடலோடு சேரும் இடத்தில் 6-ஆம் கம்பியை ஒரு விரலால் அழுத்துங்கள். இப்போது கம்பியே நேரான அளவுகோல். 7, 8-ஆம் ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி இருக்க வேண்டும், 0.1 முதல் 0.3 மி.மீ. சாதாரண ஏ4 தாள் ஒன்று 0.1 மி.மீ. தடிமன் இருக்கும். ஒரு தாள்கூட நுழையவில்லை என்றால் கழுத்து நேராகிவிட்டது, அல்லது பின்னுக்கு வளைந்துவிட்டது. கழுத்துக்குள் இருந்து வளைவைக் கட்டுப்படுத்தும் உலோகத் தண்டான ட்ரஸ் ராடைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும்.

இதை வீட்டிலேயே செய்யலாமா என்று கேட்பார்கள். சரியான அளவு ஆலன் கீ கையில் இருந்து, கால் சுற்றுக்கு மேல் திருப்பாமல், ஒரு நாள் விட்டுப் பார்க்கப் பொறுமையும் இருந்தால் செய்யலாம். திருகு இறுகி நகரவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். உள்ளே ராடு முறிந்தால் செலவு கிதாரின் விலையைத் தொட்டுவிடும். நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிதார் பலவற்றில் ட்ரஸ் ராடே கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இந்த வளைவு பருவத்துக்குப் பருவம் மாறும். அக்கூஸ்டிக் கிதாரை எந்நேரமும் ஏசி ஓடும் அறையில் வைத்தால் மரம் காய்ந்து மேல்பலகை இறங்கும், கம்பியும் தாழ்ந்து இரையத் தொடங்கும். மழைக்காலத்து ஈரத்தில் பலகை உப்பிக் கம்பி உயர்ந்துவிடும். ஆகவே நேற்றுவரை நன்றாக இருந்த கிதார் இன்று இரைந்தால், உடனே ஆலன் கீயைத் தேடாமல் கிதாரை எங்கே வைத்திருந்தீர்கள் என்று யோசியுங்கள். 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் அதற்கு உகந்தது.

12-ஆம் ஃப்ரெட்டுக்கு மேலே மட்டும் இரைகிறது. நீங்கள் செய்ய ஒன்றுமில்லை. சேடில் (உடல் பக்கத்தில் கம்பிகள் உட்காரும் துண்டு) தாழ்ந்திருக்கலாம், கழுத்து உடலோடு சேரும் இடம் மேடாகியிருக்கலாம். ரிப்பேர்காரர் பார்க்கட்டும்.

## அடுத்தடுத்த இரண்டு ஃப்ரெட்டில் ஒரே சுரம்

7-ஆம் ஃப்ரெட்டை அழுத்தினாலும் 8-ஆம் ஃப்ரெட்டின் சத்தமே வருகிறது. அல்லது அந்த ஒரு இடத்தில் மட்டும் சுரம் செத்துவிடுகிறது. மூன்று முறையும் அதே இடம் என்றால் கையை நொந்துகொள்ள வேண்டாம். ஒன்று, 8-ஆம் ஃப்ரெட் மேலெழும்பியிருக்கிறது. இல்லாவிட்டால் 7-ஆம் ஃப்ரெட் தேய்ந்திருக்கிறது.

ஏடிஎம் கார்டின் நேரான விளிம்பை 7, 8, 9 மூன்று ஃப்ரெட் மேலும் படும்படி நிறுத்துங்கள். மூன்று ஃப்ரெட்டைத் தாண்டி நான்காவதைத் தொடாதபடி கார்டின் குட்டைப் பக்கமா, நீளப் பக்கமா என்று இடத்துக்கேற்பத் தேர்ந்தெடுங்கள். கார்டு சீசா மாதிரி ஆடினால் நடுவில் இருக்கும் ஃப்ரெட் உயரம். ஆடாமல் இருந்து, ஃப்ரெட்டின் மேல் கம்பி பட்ட இடத்தில் பள்ளம் தெரிந்தால் அது தேய்மானம். பழைய கிதாரில் முதல் மூன்று ஃப்ரெட்டில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

எழும்பிய ஃப்ரெட்டைச் சுத்தியலால் தட்டி உட்கார வைக்கும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. செய்யாதீர்கள். ஒரு ஃப்ரெட்டை இறக்கப் போய் பக்கத்து இரண்டு எழும்பிய கிதாரை நான் பார்த்திருக்கிறேன். ரிப்பேர்காரர் முதலில் அந்த ஒன்றை மட்டும் அமர்த்திப் பார்ப்பார். போதவில்லை என்றால் எல்லா ஃப்ரெட்டையும் சமமாக அராவுவார். அராவவும் உலோகம் மிச்சமில்லை என்றால்தான் புது ஃப்ரெட். விலை மலிவான கிதாருக்குப் புது ஃப்ரெட் போடச் சொன்னால், அந்தக் காசோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து வேறு கிதார் வாங்குங்கள் என்பேன்.

## ட்யூனர் சரி என்கிறது, காது இல்லை என்கிறது

ஓபன் கம்பி ஆறும் பச்சை விளக்கு காட்டும். மேலே போகப் போக சுரம் பிசகும்.

முதலில் ட்யூனரையே பாருங்கள். கிதார் மோடில் இருந்தால் அதற்கு ஆறு சுரம்தான் தெரியும். குரோமாட்டிக் மோடுக்கு மாற்றி, ஏ என்பது 440 ஹெர்ட்ஸில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் கம்பியின் வயது. கடலோர ஊர்களில் உப்புக் காற்று படக் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். கம்பியின் அடிப்பக்கத்தை விரலால் வருடிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் மேற்கொண்டு எதையும் சோதிக்காமல் முதலில் செட்டை மாற்றுங்கள். பழைய கம்பியோடு செட்டப் செய்யக் கொடுப்பது வீண் செலவு.

புதுக் கம்பியிலும் பிசகினால் 12-ஆம் ஃப்ரெட் சோதனை. அந்த ஃப்ரெட் கம்பிக்கு நேர் மேலே விரலை அழுத்தாமல் மெல்லத் தொட்டுத் தட்டி, மணி போல வரும் ஹார்மானிக் ஒலியை எழுப்புங்கள். பிறகு அதே ஃப்ரெட்டை அழுத்தித் தட்டுங்கள். ட்யூனரில் இரண்டும் ஒன்றாக வர வேண்டும். அழுத்தியது மட்டும் ஏறிக் காட்டினால், முதலில் பாதி அழுத்தத்தில் மறுபடி பாருங்கள். கிதாரை நெரித்துப் பிடிக்கிறவர்களுக்கு எல்லா ஃப்ரெட்டும் ஏறித்தான் கேட்கும். அப்போதும் ஏறினால் சேடிலைப் பின்னுக்குத் தள்ள வேண்டும், இறங்கினால் முன்னுக்கு. எலெக்ட்ரிக் கிதாரில் அதற்கென்றே திருகு இருக்கிறது. ஒவ்வொரு முறை திருகிய பிறகும் ஓபன் கம்பியை மறுபடி ட்யூன் செய்துவிட்டுப் பாருங்கள். அக்கூஸ்டிக்கில் சேடில் நகராது. அது ரிப்பேர்காரர் வேலை.

12-ஆம் ஃப்ரெட்டில் சரியாக இருந்து 1, 2-ஆம் ஃப்ரெட்டில் மட்டும் சுரம் ஏறினால் நட்டு உயரம். 2, 3-ஆம் ஃப்ரெட்டுக்கு நடுவே கம்பியை அழுத்திக்கொண்டு, 1-ஆம் ஃப்ரெட்டுக்கு மேல் இருக்கும் இடைவெளியைப் பாருங்கள். மயிரிழை இருக்கலாம். கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிற அளவு இருக்கக் கூடாது.

தம்பூராவோடு பழகிய காதுகளுக்கு ஒரு வார்த்தை. எவ்வளவு நன்றாகச் சுருதி சேர்த்தாலும் கிதாரின் அந்தர காந்தாரம் கொஞ்சம் தூக்கலாகவே கேட்கும். ஃப்ரெட்டுகளைப் பன்னிரண்டு சமப் படிகளாகப் பிரித்திருப்பதன் விளைவு அது. ரிப்பேருக்குக் கொடுத்துச் சரிசெய்ய முடியாது.

## சுண்டு விரல் எட்டவில்லை, பறக்கிறது

648 மி.மீ. ஸ்கேல் நீளமுள்ள (நட்டிலிருந்து சேடில் வரை) கிதாரில் நட்டிலிருந்து 4-ஆம் ஃப்ரெட் வரை ஏறக்குறைய 134 மி.மீ. அதே நான்கு கட்டங்கள், 5 முதல் 8 வரை, 106 மி.மீ.தான். தொடக்கக்காரரை எடுத்த எடுப்பில் அகலமான இடத்தில் நிறுத்திவிட்டு "விரல் சின்னது" என்று சொல்வது அநியாயம். இரண்டு வாரம் 5-ஆம் ஃப்ரெட்டிலிருந்து வாசித்துவிட்டு, வாரம் ஒரு ஃப்ரெட்டாகக் கீழே இறங்கி வாருங்கள்.

அப்போதும் எட்டவில்லை என்றால் கட்டைவிரலைக் கவனியுங்கள். அது கழுத்தின் மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் சுண்டு விரல் குட்டையாகிவிடும். கழுத்தின் பின்புறம், நடுவிரலுக்கு நேரே கொண்டு வாருங்கள். ஏறும்போது வைத்த விரலை எடுக்காதீர்கள். சுண்டு விரல் இறங்கும்போது மற்ற மூன்றும் கம்பி மேலேயே இருக்கட்டும். பறப்பது பாதி குறைந்துவிடும்.

இதெல்லாம் சரி, ஆனாலும் விரல் நோகிறது என்றால் பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றை எடுத்து 12-ஆம் ஃப்ரெட்டில் கம்பியின் உயரத்தை அளந்து பாருங்கள். அக்கூஸ்டிக்கில் 6-ஆம் கம்பி 2.5 மி.மீ., 1-ஆம் கம்பி 2 மி.மீ. அளவில் இருந்தால் வசதி. கடையிலிருந்து நேராக வந்த புதுக் கிதாரிலேயே 4 மி.மீ. பார்த்திருக்கிறேன். அந்தப் பையன் தனக்கு சங்கீத ஞானமே இல்லை என்று மூன்று மாதம் நம்பிக்கொண்டிருந்தான்! தடித்த 12-53 கம்பி போட்டிருந்தால் மெல்லிய 10-47 செட்டுக்கு மாறுவது மலிவான வழி. அடுத்து சேடிலைத் தேய்த்து இறக்குவது. அதற்கு முன் பிரிட்ஜின் (சேடில் பதிந்திருக்கும் மரக்கட்டை) பின்பக்க விளிம்பில் ஒரு தாளை நுழைத்துப் பாருங்கள். தாள் உள்ளே போனால் பிரிட்ஜ் பெயர்ந்துகொண்டிருக்கிறது. கம்பிகளைத் தளர்த்திவிட்டு அன்றைக்கே ரிப்பேருக்குக் கொண்டுபோங்கள்.

## இரண்டு சுரம் ஒன்றோடொன்று குழம்புகிறது

ஏறும்போது சுத்தமாக இருந்து, இறங்கும்போது மட்டும் கசகசவென்று கேட்கும். 4-ஆம் கம்பியின் ஓபன் டி இன்னும் ஒலித்துக்கொண்டிருக்க, நீங்கள் 5-ஆம் கம்பியில் சி ஷார்ப்பைத் தட்டிவிடுகிறீர்கள். சுண்டு விரலைக் கொஞ்சம் சாய்த்து வைத்தால் அதன் அடிச்சதை பக்கத்து மெல்லிய கம்பியைத் தொட்டு அடக்கிவிடும். ஏறும்போதும் குழம்பினால், விரலை எடுக்கும் வேகத்தில் விட்டுவந்த கம்பியைச் சுண்டிவிடுகிறீர்கள். அதை வலது உள்ளங்கை ஓரத்தால் அடக்குங்கள். கிதாரில் கோளாறு எதுவும் இல்லை.

## கம்பி மாறும்போது பிக் (கம்பியைத் தட்டும் சிறு வில்லை) தடுக்குகிறது

இடது கையை எல்லாக் கம்பி மேலும் லேசாகப் பரப்பி ஒலியை அடக்கிவிட்டு, வலது கையால் மட்டும் முழு வரிசையையும் தட்டுங்கள். சீராக வந்தால் சிக்கல் இடது கையில். முந்தின பகுதிகளுக்குத் திரும்பிப் போங்கள். அங்கேயும் தடுக்கினால் பிக் திசை.

ஓபன் வரிசையில் பெரும்பாலும் கம்பிக்கு ஐந்து சுரம். கீழ், மேல் என்று மாற்றி மாற்றித் தட்டும்போது ஒற்றைப்படை எண் வந்தால் அடுத்த கம்பியின் தொடக்கத் திசை மாறும். 6-ஆம் கம்பியிலிருந்து ஒவ்வொரு கம்பியின் முதல் தட்டும் இப்படி வர வேண்டும்: கீழ், மேல், கீழ், மேல், மேல், கீழ். 29-ஆவது தட்டு கீழே முடியும். இது தலையைச் சுற்றினால் கம்பிக்கு நான்கு சுரம் உள்ள வரிசையில் முதலில் பழகுங்கள். அங்கே எல்லாக் கம்பியும் கீழ்த் தட்டில்தான் தொடங்கும். மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60-இல் வைத்துக்கொண்டு தட்டுக்கு ஒரு சுரம். தொடர்ந்து மூன்று முறை பிசகாமல் வந்தால் நான்கு கூட்டலாம்.

## வலி

விரல் நுனி எரிவது சில வாரத்தில் தோல் தடிக்கத் தானாகப் போகும். மணிக்கட்டு, முன்கை வலி என்றால் அன்றைக்கு வாசிப்பை நிறுத்துங்கள். மறுநாள் கிதாரின் உயரத்தையும் மணிக்கட்டின் மடிப்பையும் பாருங்கள். விரல் மரத்துப் போகிறது, ஊசி குத்துகிறது, ராத்திரியிலும் இருக்கிறது என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதை நானோ ரிப்பேர்காரரோ சரிசெய்ய முடியாது.

## ரிப்பேருக்குக் கொண்டுபோகும்போது

நான் இளவயதில் ஒரு கடையில் கிதாரைக் கொடுத்து "இரையுது" என்று மட்டும் சொன்னேன். எல்லா ஃப்ரெட்டையும் அராவிக் கொடுத்தார்கள். பழுது நட்டில் இருந்தது. அன்றிலிருந்து ஒரு சீட்டு எழுதிக் கம்பிக்கு நடுவே செருகித்தான் கொடுப்பேன்: எந்தக் கம்பி, எந்த ஃப்ரெட், ஓபனிலா அழுத்தினாலா, கேபோ போட்டால் என்ன ஆகிறது, 12-ஆம் ஃப்ரெட்டில் உயரம் எத்தனை மி.மீ. நீங்கள் வழக்கமாகப் போடும் கம்பி செட்டையே மாட்டிக் கொடுங்கள். வாங்கும்போது கடையிலேயே உட்கார்ந்து, 29-ஐயும் ஒரு முறை எண்ணி வாசித்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.